குட்டி போடும் இலை

செடியில் இருக்கும்வரை ரணகள்ளியின் இலை வெறும் இலைதான். தடிப்பாக இருக்கும், ஓரம் முழுக்கச் சிறு சிறு பள்ளங்கள் வெட்டியிருக்கும், நகத்தால் அழுத்தினால் நீர் கசியும். அதைக் காம்போடு பிய்த்துச் சமையலறைச் சன்னல் திட்டில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். சுவரில் ஆணியடித்து நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் சரி. ஒரு வாரம், பத்து நாளில் ஓரத்துப் பள்ளங்களிலிருந்து மெல்லிய வேர்கள் நீளும். அவற்றின் நடுவே இரண்டு பொடி இலைகள் எழும். மண் வேண்டியதில்லை, தண்ணீர் வேண்டியதில்லை. முளைக்கக்கூடிய திசு அந்தப் பள்ளங்களில் எப்போதும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. இலை தாய்ச்செடியோடு ஒட்டியிருக்கையில் செடி அதை எழவிடுவதில்லை. பிய்ந்த பிறகுதான் அதற்கு வழி திறக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தச் செடிக்குக் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றே ஒரு பெயர் உண்டு. எங்கள் தோட்டத்தில் ‘குட்டி போடுற எல’ என்போம்.

தோட்டம் என்று நான் சொல்வது கோல சிலாங்கூர் மாவட்டத்தில், புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது. முதலில் அது ரப்பர் தோட்டம். நான் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை வைத்துக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம், குளிக்கும் இடத்துக்கும் விறகு அடுக்கும் இடத்துக்கும் நடுவில், கூரைத் தகரத்தின் விளிம்புக்கு உட்பக்கமாகப் பாட்டி ஒரு பலகை போட்டு வைத்திருந்தார். ரணகள்ளிக்கு அதுதான் இடம். மைலோ டின்னில் இரண்டு மூன்று, மற்றவை எல்லாம் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கில். மரங்களைச் சாய்த்தபோது கழற்றிய மங்குகள் ஸ்டோருக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. விரிசல் விட்டவற்றைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பாட்டிக்கு வேண்டியிருந்ததும் விரிசல் விட்ட மங்குதான். தண்ணீர் தேங்காது.

எங்கள் ஊரில் இந்தச் செடிக்கு இருக்கும் ஒரே எதிரி தண்ணீர். வறண்ட நாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் நம்பமாட்டார்கள். கோல சிலாங்கூர்ப் பக்கம் மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. ஏப்ரல், மேயில் ஒரு முறை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு முறை என்று மழை கூடும். மற்ற மாதங்களிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்துக் கொட்டிவிட்டுப் போகும். காற்றில் எப்போதும் ஈரம். கடலை ஒட்டிய நிலம் முழுக்கக் கனத்த களிமண். உள்ளே போகப் போகச் சதுப்புக்காட்டுக் கறுப்பு மண். காலை வைத்தால் உள்ளே இழுக்கும். ரணகள்ளியோ தன் தண்ணீரைத் தன் இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் இனம். அதன் வேருக்கு ஈரம் வந்து வந்து போகவேண்டும். நின்றுவிட்டால், தண்டின் அடி கறுத்து, தொட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். மேலே இலைகள் இன்னும் பச்சையாக, கொழுகொழுவென்று இருப்பதால் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தெரியும்போது அடி போய்விட்டிருக்கும்.

சின்ன வயதில் நான் குவளையை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனால் பாட்டி உள்ளே இருந்தே குரல் கொடுப்பார்.

“ஊத்தாதடி. அது குடிச்சிட்டுத்தான் உக்காந்திருக்கு.”

இலையைக் கிள்ளாமல் இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். விறைப்பாக இருந்தால் தாகமில்லை. சற்றே துவண்டு, ஓரம் உள்பக்கம் மடங்கத் தொடங்கினால் அப்போது கொடு. அதுவும் காலையில், மண்ணில் மட்டும், இலை மேல் படாமல். நாள்கணக்கு, வாரக்கணக்கு எதுவும் அவர் சொன்னதில்லை. செடி வளர்ப்பைப் பற்றி நான் பின்னாளில் படித்த குறிப்புகளில் ‘வாரம் ஒரு முறை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. எந்த ஊரின் வாரம்? சுமாத்திராவிலிருந்து விடியற்காலைப் புயல் வந்து போன வாரமா, விடாமல் வெயில் காய்ந்த வாரமா?

மண் கலவைக்கு வழி செய்தவர் மாமா. அவர் பத்தாங் பெர்ஜுந்தையில் ஈயம் தோண்டும் பக்கம் வேலை பார்த்தார். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பட்டதே, அந்த ஊர். ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மணல் அங்கே மேடு மேடாகக் கிடந்தது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததும் வேலை நின்றது. குட்டைகளும் மணல் மேடுகளும் தங்கிவிட்டன. கழுவிக் கழுவிச் சத்தெல்லாம் போன மணல் அது. மரவள்ளி போட்டால்கூடத் தேறாது. ரணகள்ளிக்கு அதைப்போல் வேறில்லை. மாமா உர மூட்டைச் சாக்கில் கொண்டுவந்து போடும் மணலில் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பிடி. பாட்டியின் அளவு அவ்வளவுதான். நான் இன்றும் மாற்றவில்லை. ஆற்று மணல் வாங்கினால் நன்றாகக் கழுவிவிடுகிறேன்.

செம்பனை வந்ததும் இந்த இலைக்குத் தோட்டத்தில் வேலை கூடிவிட்டது. ரப்பரில் உளி பட்டு வெட்டுக்காயம் வரும், அது கண்ணுக்குத் தெரியும் காயம். செம்பனை மட்டையின் அடியில் இருக்கும் முள் அப்படியில்லை. குத்தி உள்ளேயே முறிந்து, இரண்டு நாள் கழித்துச் சீழ் பிடித்து, விரல் வீங்கும். குலை தூக்குபவர்கள், உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் என்று சாயங்காலத்தில் யாராவது பின்கதவுப் பக்கம் வந்து நிற்பார்கள். “பெரியம்மா, ரெண்டு எல குடுங்க.” இலையை அடுப்புத் தணலில் வாட்டி, தோல் சுருங்கியதும் நடுவில் பிளந்து, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு வீங்கிய இடத்தில் வைத்துக் கட்டுவார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மருந்து போட்டாலும், இதுவும் மேலே கட்டப்படும். பாட்டி எண்ணித்தான் பறிப்பார். கீழ் இலைகளில் முற்றியதாகப் பார்த்து, ஒரு செடியில் ஒன்று. துளிரைத் தொடவிடமாட்டார். மாடு வளர்த்தவர்களிடம் மட்டும் கண்டிப்பாக இருப்பார்: பலகைக்குப் பக்கத்தில் மாட்டைக் கட்டக் கூடாது, பறித்த இலையில் மீந்ததைத் தொழுவத்தில் போடக் கூடாது. ஏன் என்று அவருக்கு அவருடைய ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அது வேறு விதமான செல்வம். மயிலிறகைப் புத்தகத்தில் வைத்தால் குட்டி போடும் என்று எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் நம்பி வளர்ந்தவர்கள்தான். எங்கள் தோட்டத்தில் மயில் ஏது? யாராவது தைப்பூசத்தில் காவடியிலிருந்து விழுந்த இறகைக் கொண்டுவந்தால் உண்டு. நாங்கள் ரணகள்ளி இலையை வைத்தோம். அது உண்மையாகவே குட்டி போட்டது. வரலாற்றுப் புத்தகத்தின் நடுவில், எழுத்துகளின் மேல் வேர் ஓடி, தாளில் பழுப்பாகக் கறை படியும். ஆசிரியர் திட்டவில்லை. ஒரு நாள் அந்தப் புத்தகத்தை வாங்கி வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டு, ஓரத்தில் எத்தனை பள்ளம், எத்தனை குட்டி என்று எண்ணி எழுதச் சொன்னார். எல்லாப் பள்ளத்திலும் குட்டி வருவதில்லை என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். இலையில் இருக்கும் நீரையும் மாவையும் பங்கு போட்டுத்தான் குட்டிகள் வளர்கின்றன. நுனிப் பக்கம் நான்கைந்து முந்திக்கொண்டால் மற்றவை புள்ளியாகவே நின்றுவிடும்.

இன்னொரு விளையாட்டும் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்துப் பெரியவர்கள் வேலைக்குப் போன பிறகு, பள்ளிக்குக் கிளம்பும் முன் இலையின் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்புவோம். பிலிம்பிக் காய் போலப் புளிக்கும். பள்ளி விட்டு வந்து அதே செடியில் கிள்ளினால் புளிப்பு இருக்காது. பையன்கள் இதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். புதிதாக வந்த பிள்ளையிடம் காலையில் புளிப்பைக் காட்டிவிட்டு, “சாயங்காலம் நான் மந்திரிச்சா புளிப்பு போயிடும்” என்று சொல்லி ஐந்து காசு வாங்கிய பையனும் எங்கள் லயத்தில் இருந்தான்.

அந்த மந்திரத்தை எங்களுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னாலேயே ஒருவர் எழுதி வைத்திருந்தார் என்று தெரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். பெஞ்சமின் ஹெய்னே. ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் ராஜதானியில் வேலை பார்த்தவர். இந்த ரணகள்ளி இலை காலையில் நன்றாகப் புளிக்கிறது, பொழுது ஏற ஏறப் புளிப்பு குறைகிறது, நடுப்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியானது. கருவி எதுவும் இல்லை. வாயில் போட்டு மென்றுதான் கண்டுபிடித்தார். பாலைவனத்துக் கள்ளிகள், கற்றாழை, அன்னாசி என்று எத்தனையோ செடிகள் வெயிலைத் தாங்கும் முறையை விளக்கும் அறிவியலின் தொடக்கங்களில் ஒன்று அந்தக் கடிதம். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. அப்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போகிறது. ரணகள்ளி இரவில் திறக்கிறது. இருட்டில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைக்குள் சேமிக்கிறது. ஆப்பிளின் புளிப்பும் அதே அமிலம்தான். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வெயிலில் தனக்கு வேண்டிய உணவைச் செய்துகொள்கிறது. சாயங்காலம் கையிருப்பு தீர்ந்திருக்கும். எங்கள் லயத்துப் பையன் அந்த ஐந்து காசுகளைச் சம்பாதித்தது இந்தக் கணக்கில்தான்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜெர்மனியின் வைமார் நகரத்தில் மகாகவி கதே இதே செடியைத் தொட்டியில் வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழுச் செடிக்கு வேண்டியதெல்லாம் ஓர் இலைக்குள்ளேயே இருக்கிறது என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அதைக் கண்ணெதிரே நிரூபித்துக் காட்டிய செடியாக இதை நேசித்தார். நண்பர்களுக்கு இலைகளையும் கன்றுகளையும் கொடுத்தனுப்பினார். பாட்டியும் அப்படித்தான் கொடுத்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் கல்யாணமாகி ஈஜோக்குக்கோ தஞ்சோங் காராங்குக்கோ போனால், சாமான் மூட்டையோடு ரணகள்ளி இலை ஒன்றும் போகும்.

கேட்டு வருபவர்களில் மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து வரும் அம்மா ஒருவரும் உண்டு. நாங்கள் மாக் சிக் என்று கூப்பிடுவோம். பேரப்பிள்ளைக்கு முடி இறக்கும் சடங்கு, புது வீடு குடிபோவது, கல்யாணம் என்றால் சைக்கிளை லயத்து முனையில் நிறுத்திவிட்டு வருவார். அரிசி மாவு கரைத்த நீரை இலைக்கொத்தால் தெளிக்கும் தெபுங் தாவார் சடங்குக்கு இந்த இலையும் வேண்டும். அவர்கள் இதைச் செடிங்ஙின் என்பார்கள். குளிர்ச்சியைத் தருவது என்று கருதுகிறார்கள். இதே சிலாங்கூரில் அதிகாரியாக இருந்த வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய்ச் சடங்குகள் பற்றிய நூலில் இந்த இலைக்கொத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பாட்டிக்கு மலாய் சரியாக வராது, மாக் சிக்குக்குத் தமிழ் வராது. இலையைப் பார்த்துத் தலையாட்டி, சுண்டைக்காயும் கங்குங் கீரையும் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் புண்ணுக்கு. அவர்கள் வீட்டில் குளிர்ச்சிக்கு. இரண்டு வீட்டிலும் செடி பின்கதவுப் பக்கம்தான் இருந்தது.

ஆனால் ரணகள்ளி தமிழ்நாட்டுச் செடியும் அல்ல, மலாயாச் செடியும் அல்ல. அதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. கப்பலேறி வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. எங்கள் தோட்டத்தில் அப்போது எது சொந்த மண்ணில் நின்றது என்று யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ரப்பர் பிரேசில் நாட்டு மரம். 1876இல் விதையாக லண்டனுக்குப் போய், மறு வருஷம் கன்றாகச் சிங்கப்பூருக்கு வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். அதை இந்த நாட்டில் முதன்முதலில் வியாபாரப் பயிராக வைத்தது எங்களுக்குப் பக்கத்தில்தான்: 1917இல், பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1930இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்காகப் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. பாட்டி சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவர். கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும் முன்பு, பெற்றோரோடு கப்பலில் வந்த குழந்தை. மரங்களுக்கு நிரை போட்டு, எண் போட்டு, கணக்கு வைத்திருந்தார்கள். ஆட்களுக்கும் பெரட்டில் பெயர் இருந்தது. எந்தக் கணக்கிலும் வராமல் வந்து சேர்ந்தது இந்தச் செடி மட்டும்தான்.

தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, இன்னொரு சமயம் எழுதுவேன். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். லயத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நட்டு வளர்த்தவர்கள். முருங்கை, கறிவேப்பிலை, தென்னை, மா, பலா. கோயிலுக்குப் பின்னால் இருந்த வேம்பைப் பாட்டியின் தலைமுறைதான் வைத்தது. மரம் வைத்தவனுக்கு நிலம் வேண்டும். வீடும் நிலமும் வேலை இருக்கும்வரைதான் என்று இருந்தவர்கள் எப்படியோ அதை மறந்துவிட்டு மரம் வைத்திருந்தார்கள். லாரியில் கட்டில், பீரோ, சாமி படங்கள், கோழிக்கூண்டு ஏறின. கறிவேப்பிலைக் கன்றை வேரோடு பெயர்த்த பக்கத்து வீட்டு அத்தை, அது போய்ச் சேரும் முன்பே வாடிவிட்டதாகப் பிறகு சொன்னார். அம்மா தமிழ் நேசன் தாளில் ரணகள்ளி இலைகளைச் சுற்றித் துணிப்பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தார். புது வீட்டில் பெட்டியை மெதுவாகத்தான் பிரித்தோம். செய்தித்தாளை விரித்தபோது ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் வேர் விட்டிருந்தது. பாட்டி அதைப் பார்க்க இல்லை. ஆனால் நிலமில்லாதவர்களுக்கு என்றே வந்த செடி இது என்று அன்று அம்மா சொன்னதை அவர் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய எத்தனையோ தொட்டிச்செடிகள் என்னிடம் உண்டு. எதுவும் எனக்கு இதற்கு ஈடில்லை.

புது வீடு என்பது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியவை வேறாக இருந்தன. மாடத்தில் மழை நேராக விழாது, காற்று உண்டு, அதனால் அழுகல் குறைவு. வெளிச்சம்தான் பிரச்சினை. எதிர்க் கட்டடம் மறைத்தால் செடி ஒரே பக்கமாகச் சாய்ந்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, சோகை பிடித்த நிறத்தில் நிற்கும். வெயில் போதுமா என்று இலையின் ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: காலை வெயில் படும் செடியில் ஓரம் சிவந்த கோடாக இருக்கும். அந்தக் கோடு மறைந்தால் தொட்டியை நகர்த்த வேண்டும். ஆனால் இருட்டில் இருந்ததைத் திடீரென்று பகல் பன்னிரண்டு மணி வெயிலில் வைக்கக் கூடாது, இலை வெந்துபோகும். நாளுக்குக் கொஞ்சமாக விளிம்புப் பக்கம் தள்ள வேண்டும். மாவுப்பூச்சி இலைக்கு அடியில், நரம்போரத்தில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டும். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும், மருந்து வேண்டாம்.

வயதான செடி கீழ் இலைகளை உதிர்த்துவிட்டு, நெட்டைத் தண்டாக நிற்கும். இளம் செடியில் இலை ஒற்றையாக இருக்கும்; வளர்ந்த பிறகு ஒரே காம்பில் மூன்றும் ஐந்துமாகச் சிற்றிலைகள் வரும். அந்த நிலைக்கு வந்த செடி தொட்டிக்கு அதிகம். நுனியை ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் போட்டுவைத்து, பிறகு நட்டால் அது புதுச்செடி. அடிக்கட்டையையும் எறிய வேண்டாம், பக்கத்தில் துளிர்க்கும். அடி அழுகிய செடியையும் இப்படித்தான் காப்பாற்ற வேண்டும்: கறுப்பு முடிந்து, உள்ளே சுத்தமான வெளிர்பச்சை தெரியும் இடத்துக்கு மேலே வெட்டு.

இலையிலிருந்து கன்று எடுப்பதற்கு நான் புத்தகத்தையும் ஆணியையும் விட்டுவிட்டேன். அப்படி எடுத்த குட்டிகள் பிழைக்கும், ஆனால் மெலிந்திருக்கும். முற்றிய, தடித்த இலையாக எடுத்து, காம்பின் வெட்டு ஒரு நாள் காய விட்டு, ஈரம் காட்டிய மணலின் மேல் மல்லாக்கப் படுக்க வைக்கிறேன். புதைப்பதில்லை. ஓரம் மணலைத் தொட வேண்டும். அதற்கு ஈர்க்குச்சியை வளைத்து இரண்டு இடத்தில் குத்திவிட்டால் போதும். வேர் மணலுக்குள் இறங்கியதும் தாயிலை சுருங்கத் தொடங்கும். பார்க்க நன்றாக இல்லை என்று அதை வெட்டி எறியத் தோன்றும். எறியக் கூடாது. அது சுருங்குவதே குட்டிகளுக்குத் தண்ணீர் போவதால்தான். குட்டிக்கு நான்கு இலை வந்து, தாயிலை தாள் மாதிரி காய்ந்து தானே விடுபடும்வரை கை வைக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

சுங்கை பூலோ நாற்றங்கால்களில் இந்தச் செடியைத் தேடியிருக்கிறேன். கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில், பழைய தொழுநோய்க் குடியிருப்பைச் சுற்றி வரிசையாக இருப்பவை. 1930இல் திறந்த அந்தக் குடியிருப்பில் குணமான பிறகும் திரும்பிப் போக வீடில்லாமல் தங்கிவிட்டவர்கள், பிழைப்புக்குச் செடி வளர்க்கத் தொடங்கி உருவான தொழில் அது. இன்று நாடு முழுக்க அங்கிருந்து தொட்டிச்செடிகள் போகின்றன. சீனப் புத்தாண்டுக்கு ரணகள்ளியின் உறவான பூக்கும் கலாஞ்சோ சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கியிருப்பார்கள். ரணகள்ளியைக் கேட்டால் விற்க வைத்திருக்கமாட்டார்கள். ஒரு கடையில் வயதான சீன அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே கொட்டகைக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் தானாக முளைத்திருந்ததில் ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இவ்வளவு எளிதாக வரும் செடி ஆபத்தும்தான். பாட்டி மாட்டைக் கட்டவிடாததற்குக் காரணம் உண்டு. இதன் இலையிலும் பூவிலும் இருதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்த இனத்துச் செடிகளைத் தின்று மாடுகள் செத்திருக்கின்றன. கலாபகோஸ் தீவுகளில் ரணகள்ளி தரை முழுக்க மூடி, அங்கே மட்டுமே வளரும் செடிகளை நெருக்கிவிட்டது. சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று தினமும் வெறும் வயிற்றில் இலையை மெல்பவர்களை நான் பார்க்கிறேன். என்னிடம் இலை கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள். வளர்க்கக் கொடுப்பேன், தின்னக் கொடுப்பதில்லை. இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நேராகவே சொல்லி அனுப்புகிறேன், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பறித்து மீந்ததை வாய்க்காலில் எறிவதுமில்லை. ஓர் இலை போதும், கரை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் தகரத்தின் மேல் நன்றாகக் காயப்போட்டு, மொறுமொறுவென்று ஆன பிறகுதான் குப்பைக்குப் போகும்.

போன வருஷம் மெல்பர்னில் இருக்கும் தம்பி மகள் கேட்டாள். அவளுக்கு நாலைந்து வயதிருக்கும்போது என் வீட்டுச் சன்னல் திட்டில் இலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். “அத்தே, ஒரே ஒரு இலையைக் கடிதாசிக்குள்ள வெச்சு அனுப்புங்க. யாருக்கும் தெரியாது.” தெரியாதுதான். சேலைக்கு நடுவில் வந்த இலை கடித உறையில் போகாதா? ஆனால் முடியாது என்று சொன்னேன். அனுமதி இல்லாமல் உயிர்ச்செடியை அந்த நாட்டுக்குள் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். அதைவிட, அங்கே மாடுகள் மேயும் நிலத்தில் இந்த இனம் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு என் கையால் அனுப்ப மனம் வரவில்லை. அவளுக்கு வருத்தம். நீண்ட நேரம் பேசவில்லை.

அப்புறம் நானே எழுதினேன். அங்கேயே கடையில் பூக்கும் கலாஞ்சோ கிடைக்கும், வாங்கிக்கொள். மணல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு. இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடு. இலையைப் பிய்த்துப் போட்டால் அது குட்டி போடாது. பூத்து முடிந்த பிறகு தண்டை ஒடித்து, வெட்டு காய்ந்ததும் நடு. உன் பூனை எட்டாத உயரத்தில் வை, அதுவும் பூனைக்கு ஆகாது. இரவில் ரொம்பக் குளிர்கிற மாதங்களில் சன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்காதே.